நீல மை

பதினான்கு பக்கம். தமிழில் இருக்கிறதா என்று கேட்டேன்.
சிஸ்டர் நோராசிகின் அலமாரியின் அடித்தட்டில் தேடி
தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.
இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

இரண்டாம் பக்கத்தில் சிறுநீரகம்
சின்ன 'ரு' போட்டு சிருநீரகம் ஆகியிருந்தது.
ஏழாம் பக்கத்தில் பக்க விளைவு, 'பக்கா விளைவு'.
சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன்.
தொழில் அப்படி.

இருபத்து மூன்று வருடமாய் பாயான் லெப்பாஸில்
சில்லு சோதிக்கிறவள் நான்.
ஒரு லாட்டுக்கு ஆயிரம் என்றால் ஐந்தை எடுப்போம்,
பார்த்துப் பொறுக்கக் கூடாது, கைக்கு வந்தது.
நூற்றிருபத்தைந்து பாகை அடுப்பில்
ஆயிரம் மணி நேரம்.
தாங்கினாலும் அவை திரும்பப் பெட்டிக்குள் போகா.
சோதித்ததை விற்கக் கூடாது, விதி.
மற்றவை விமானம் ஏறும்.
யாருடைய காரிலோ, யாருடைய நாடியை எண்ணும் கருவியிலோ
போய் உட்கார்ந்துகொள்ளும்.
அந்த ஐந்தை
நான் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என்னைக் கேட்கிறார்கள். பதினான்கு பக்கத்துக்குக் கேட்கிறார்கள்.

மருந்தா மருந்துப் போலியா, கணினி முடிவு செய்யும்,
எனக்கும் தெரியாது என்றார் டாக்டர் ஊய்.
காசு சுண்டுவது மாதிரி என்று
சிஸ்டர் மலாயில் விளக்கினார்.
நாணயம், என்று மனசுக்குள் தமிழில் ஓடியது.
அதற்கு எங்களிடம் இன்னொரு பொருளும் உண்டு என்பதை
எந்த மொழியில் சொல்ல?
தலையாட்டி வைத்தேன்.

"எலிக்குக் கொடுக்கிறதை உனக்குக் கொடுக்கிறான்" என்றார் சந்திரகாசன்,
எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே.
எலிகளுக்கு முடிந்து நாலு வருடமாச்சு, மூன்றாம் பக்கம் என்றேன்.
காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு சற்று யோசித்தார்.
"ஒவ்வொரு தடவையுமா எண்பது வெள்ளி?"

போன தீபாவளிக்கு முப்பத்தெட்டு விழுக்காடு.
இப்போது முப்பத்தொன்று.
எங்கள் ரெலாவ் பிளாட்டில், கீழ்வீட்டு வசந்தகோகிலம்
வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போகிறாள்.
முழங்கைக்குக் கீழே தொட்டுப் பார் என்றாள்.
தோலுக்கடியில்
ஈ ஒன்று மாட்டிக்கொண்டு இரைவது போல் இருந்தது.
கையை உடனே எடுக்கவில்லை நான்,
அவள் தப்பாக நினைப்பாளே என்று.

பதினொன்றாம் பக்கம் மூன்று முறை படித்தேன்:
எந்த நேரத்திலும், காரணம் கூறாமல், விலகிக்கொள்ளலாம்.
கம்பெனிக்கு மூன்று மாத நோட்டீஸ் கொடுக்கணும்.
வீட்டுக் கடனுக்கு இன்னும் ஒன்பது வருடம்.
கல்யாணத்தில் இப்படி ஒரு வரியை
யாரும் படித்துக் காட்டியதாக நினைவில்லை.
இவ்வளவு மரியாதையாக என்னிடம் பேசிய காகிதம்
இதுதான் முதல்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.
மருந்து வேலை செய்தது என்று வையுங்கள்.
ரெண்டு வருடம் முடிந்து, நீங்கள் கடையைக் கட்டினதும்
எனக்குத் தொடர்ந்து தருவீர்களா?
டாக்டர் ஊய் கண்ணாடியைக் கழற்றினார்.
அது இன்னும் எழுதப்படவில்லை என்றார்.
பொய் சொல்லியிருக்கலாம் அவர்.
கதவைத் திறந்தே வைத்திருந்தார்,
வெளியே எண்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வட்டம் போட்ட படிவத்தை சிஸ்டர் வாங்கிக்கொண்டார்.
கமிட்டிக்குத் திருத்தத்துக்குப் போகணுமாம்,
எனக்குப் பிறகு தமிழில் கேட்பவருக்கு
சிறுநீரகம் சரியாக இருக்கும்.
புதுப் பிரதி வியாழன் வரும்.
"கையெழுத்துக்குச் சிவப்பு செல்லாது, கா.
நீலம் கொண்டு வாங்க."

இரவு ஷிப்டுக்குப் போகிற வழியில்
பெட்ரோல் நிலையக் கடையில் நின்றேன்.
நீலப் பேனா, ஒரு வெள்ளி தொண்ணூறு.
ஏழெட்டு கிடந்தன டப்பாவில்.
ஒன்றை எடுத்து
பழைய ரசீதின் முதுகில் கிறுக்கினேன்.
எழுதவில்லை. அழுத்தினேன். எழுதவில்லை.
அதைத் திரும்ப டப்பாவில் போடாமல்
கல்லாப் பையனிடம் தனியாகக் கொடுத்துவிட்டு
அடுத்ததை எடுத்தேன்.
அம்ச, வரைக்கும் வந்தது.
கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.